மூளையைத் தாங்கும் கருவியும் அதைப் பொருத்தும் கைகளும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இவ்வுரையை வாசிப்பவர் ஒருவர், எழுதியவர்கள் மூவர். நாங்கள் மூவரும் இச்சங்கத்தின் மாலை வகுப்பில் ஒரே பாயில் அமர்ந்து படித்தவர்கள். இன்று எங்களில் ஒருவர் அறுவை அரங்கில் தொழில்நுட்பப் பணியாளர். ஒருவர் அதே அரங்கில் செவிலியர். மற்றொருவர் கருவிகளைக் கழுவி, நீராவியிட்டுக் கிருமி நீக்கி, தட்டில் அடுக்கி அனுப்பும் பகுதியில் இருப்பவர். ஆகவே இங்கு 'நாங்கள்' என்று வரும்போதெல்லாம் அது பணிவுக்காகச் சொன்ன சொல் அன்று; உள்ளபடியே மூவரைக் குறிப்பது.

விழாக் குழுவினர் எங்களைக் கல்வியின் மேன்மையைக் குறித்துப் பேசுமாறு பணித்தனர். அதனைச் செவ்வனே பேசவல்ல ஆசிரியப் பெருமக்கள் இந்த மேடையிலேயே அமர்ந்துள்ளனர். எங்களுக்குத் தெரிந்தது எங்கள் தொழில். அதிலும் ஒரேயொரு கருவியை எடுத்துக்கொண்டு, அது என்ன, அதை எவ்வாறு பொருத்துகிறோம், அதனால் எங்களுக்கு நேர்ந்தது என்ன என்பவற்றைக் கூற அனுமதி கேட்டோம். தலைவர் அவர்கள் சிறிது யோசித்துவிட்டு, "சரி, இளைஞர்களுக்கு அதுவே பயன்படும்" என்றார்கள். அக்கருவியின் பெயர் ரிட்ராக்டர். தமிழில் விலக்கி எனலாம்.

வயிற்றில் அறுவை செய்யும்போதும் விலக்கி உண்டு. எலும்பில் செய்யும்போதும் உண்டு. ஆங்கெல்லாம் தசையை இழுத்துப் பிடிப்பதே அதன் வேலை. மூளையில் அவ்வாறு இழுக்கலாகாது. முழு வளர்ச்சி பெற்ற மனிதனின் மூளை ஏறத்தாழ 1,400 கிராம் எடையுள்ளது. தொட்டால் குழையும் இளந்தேங்காய் வழுக்கையை நினைத்துக்கொள்ளுங்கள்; அதைக் காட்டிலும் மென்மையானது. அது நாலாபுறமும் எலும்பால் அடைபட்ட பெட்டிக்குள் நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. அதன் அடித்தளத்தில் ஒரு ரத்தக் குழாய் கொப்புளம்போல் புடைத்துக் கசிந்தால் நோயாளி திடீரெனக் கடுந்தலைவலியுடன் வீழ்கிறார். அக்கொப்புளத்தின் கழுத்தில் ஒரு சிறு உலோகக் கவ்வியை இடவேண்டும். ஆனால் அங்குச் செல்ல வழி ஏது? நெற்றி மடலுக்கும் பொட்டு மடலுக்கும் இடையே இயற்கையாகவே உள்ள சில்வியன் பிளவைத் திறந்து, ஒரு மடலைச் சற்றே ஏந்திப் பிடித்துத்தான் அறுவை மருத்துவர் உள்ளே நோக்க இயலும். அந்த ஏந்திப் பிடித்தலைச் செய்வதே எங்கள் கருவி.

ஏந்துதல் என்ற சொல்லை நாங்கள் வேண்டுமென்றே பயன்படுத்துகிறோம். விலக்கியின் தகடு மூளையை அழுத்தினால், அழுத்தப்பட்ட இடத்திலுள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. தமனியிலிருந்து ரத்தம் எவ்வளவு அழுத்தத்துடன் வருகிறதோ, அதில் தகட்டின் அழுத்தம் போக எஞ்சியதே அவ்விடத்து மூளைக்கு உணவு. ஆகவே மயக்கத்தின்போது நோயாளியின் ரத்த அழுத்தம் தாழுமானால், சற்று முன்வரை தீங்கு செய்யாதிருந்த அதே தகடு அதே இடத்தில் தீங்கு செய்யத் தொடங்கும். தகடு அசையவில்லை, யாரும் அதைத் தொடவுமில்லை, எனினும் கேடு நிகழ்கிறது. ஆண்ட்ரூஸ், பிரிங்காஸ் என்னும் இருவர் 1993-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையொன்றில், அளவு மீறிய விலக்கலால் மூளையில் கன்றலோ ரத்தமின்றிப் பட்டுப்போதலோ நேர்வது ரத்தக் குழாய்க் கொப்புள அறுவைகளில் நூற்றுக்கு 5 அளவிலும், மண்டையோட்டு அடித்தள அறுவைகளில் நூற்றுக்கு 10 அளவிலும் இருக்கக்கூடும் என மதிப்பிட்டனர். நூற்றில் ஐவர் என்பது சிறு எண்ணிக்கையாகத் தோன்றலாம். அந்த ஐவரில் ஒருவரை நாங்கள் கண்டிருக்கிறோம். அது பின்னர்.

பழைய நாளில் இந்தத் தகட்டை உதவி மருத்துவர் ஒருவர் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். ஹார்வி குஷிங் போன்ற முன்னோடிகளின் காலத்தில் மூளை அறுவை பல மணி நேரம் நீடிக்கும். மனிதக் கை எவ்வளவு நேரம் அசையாது நிற்கும்? பானையைத் தலைக்கு மேல் ஏந்தி ஐந்து நிமிடம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கை நடுங்கும், தாழும், கவனம் வேறிடம் செல்லும். உருப்பெருக்கி வழியாகப் பார்த்து அறுவை செய்யும் முறை வந்தபோது அந்நடுக்கம் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. அம்முறையை நிலைநாட்டியவர்களுள் தலைமையானவர் காஸி யாசர்கில். 1925-இல் துருக்கியில் பிறந்து, சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பணியாற்றி, 2025-இல் மறைந்தவர். அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் டொனாகி என்பவரின் ஆய்வுக்கூடத்தில் நுண்குழாய்களைத் தைக்கப் பயின்று, சூரிச் திரும்பி 1967-இல் மூளை அறுவையில் அதைக் கையாண்டார். தானே நிற்கும் விலக்கி ஒன்றையும் அவர் உருவாக்கினார். அதற்குத் தம் மகள் லைலாவின் பெயரை இட்டார். உலகெங்கும் அறுவை அரங்குகளில் "லைலாவை எடு" என்று இன்றும் சொல்கிறார்கள். பின்னர் ஜப்பானில் சுகிடா ஒரு சட்டகத்தை அமைத்தார். அமெரிக்காவில் கிரீன்பெர்க் பெயரால் ஓர் அமைப்பு வந்தது. இன்னும் பல உண்டு. நம் நாட்டில் 1949-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தியும் மூளை அறுவைத் துறையைத் தொடங்கினர் என்பதையும் இளைஞர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். இது எங்கோ நடக்கும் கதையன்று.

இனி பொருத்தும் முறைக்கு வருவோம்.

எல்லாவற்றுக்கும் முதலில் தலை. நோயாளி மயங்கியபின் அவரது தலையை மூன்று கூர்முனைகள் கொண்ட கவ்வியில் பொருத்துகிறோம். ஒரு பக்கம் இரண்டு முனை, மறுபக்கம் ஒரு முனை. மேஃபீல்டு கவ்வி என்பது அதன் வழக்குப் பெயர். பெரியவர்களுக்கு 60 முதல் 80 பவுண்டு வரை இறுக்கம் வேண்டும். திருகில் தெரியும் ஒவ்வொரு கோடும் 20 பவுண்டைக் குறிக்கும். பொட்டுப் பகுதியின் மெல்லிய எலும்பில் முனை படக்கூடாது. சிறு குழந்தைகளிடம் இதைப் பயன்படுத்துவதில்லை. முனையைப் பதிக்கும் முன் மயக்க மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஏனெனில் மயக்கத்திலும் உடல் அந்த வலியை உணர்ந்து ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும்; கசிந்த கொப்புளம் உள்ளே இருக்கும்போது அது உயிருக்கே கேடு. அவர் மருந்தைச் செலுத்தித் தலையசைத்த பின்னரே எங்கள் கை திருகின்மேல் செல்லும்.

தலை இதயத்தைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தால் கழுத்து நாளங்களில் ரத்தம் தேங்கி மூளை வீங்கும். வீங்கிய மூளையை எந்த விலக்கியாலும் விலக்க முடியாது. விலக்க முயன்றால் நசுங்கும். ஆகவே நல்ல விலக்கலில் பாதி, விலக்கியைத் தொடுவதற்கு முன்னரே நடந்து முடிந்துவிடுகிறது. தலையின் நிலை, மன்னிட்டால் மருந்து, மூச்சுக் கருவியின் அளவு, பிறகு பிளவைத் திறந்து மூளையைச் சூழ்ந்த நீரைப் பொறுமையாக உறிஞ்சி எடுத்தல். இவையெல்லாம் ஒழுங்காக நடந்தால் மூளை தானாகவே தளர்ந்து தாழ்ந்து வழிவிடும். அப்போது தகட்டின் வேலை, விட்ட வழி மீண்டும் மூடாமல் காப்பது மட்டுமே. எங்கள் அரங்கின் முதுநிலை மருத்துவர் ஒருவர் இதை, "மூளையிடம் கேட்டு வாங்கு, பறிக்காதே" என்பார்.

அடுத்து, கருவியை எதில் பொருத்துவது? லைலாவை அறுவை மேசையின் ஓரச் சட்டத்தில் பொருத்துவது உண்டு. தலைக் கவ்வியில் பொருத்துவதும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஆயினும் ஒரு வேறுபாடு. மேசையில் பொருத்திய விலக்கி மேசைக்கு உறவு, தலைக்கு அன்று. தலை சிறிதளவு நழுவினாலும் தகடு நின்ற இடத்திலேயே நிற்க, மூளை மட்டும் நகர்ந்து தகட்டின்மேல் மோதும். தலைக் கவ்வியிலேயே பொருத்தியிருந்தால் தலை எங்குச் செல்கிறதோ கருவியும் உடன் செல்லும். இது புரிய எங்களுக்கு ஒரு மாதம் ஆயிற்று. ஆகவே எங்கள் வழக்கம், இயன்றவரை தலையோடு பொருத்துவது. எதில் பொருத்தியிருந்தாலும், தகடு உள்ளே இருக்கும்போது மேசையை ஏற்றவோ இறக்கவோ சாய்க்கவோ யாரையும் விடாதிருப்பது. மேசையை அசைக்க வேண்டுமானால் தகடு முதலில் வெளியே வரவேண்டும்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை.

தலைக் கவ்வி கிருமி நீக்கப்படாத பொருள். அது துணி விரிப்பின் அடியில் இருக்கிறது. விலக்கியின் சட்டமும் கரங்களும் கிருமி நீக்கப்பட்டவை. அவை விரிப்பின் மேலே இருக்கின்றன. இரண்டும் ஓரிடத்தில் இணைந்தாக வேண்டும். அவ்விணைப்பைப் பொருத்தும்போது கீழுள்ளவர் மேலே தொடலாகாது; மேலுள்ளவர் கீழே தொடலாகாது. பணியில் சேர்ந்த முதல் நாள், எங்களில் ஒருவர் தட்டருகே சென்றபோது, "தொடாதே!" என்று உரத்த குரல் ஒன்று எழுந்தது. அந்தச் சொல்லை நம்மவர் எந்தச் செவியால் கேட்பார்கள் என்பதை இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. அவர் உடல் குன்றிப் பின்வாங்கினார். அன்று இரவு உணவு கொள்ளவில்லை.

மறுநாள் நடந்ததுதான் செய்தி. துறைத் தலைவர் கை கழுவாமல் அவசரமாக உள்ளே வந்து, எதையோ காட்டுவதற்காகத் தட்டின்மேல் விரலை நீட்டினார். அதே குரல், அதே உரப்பில், "சார், தொடாதீர்கள்!" என்றது. அவர் கையை மடக்கிக்கொண்டு பின்வாங்கினார், முகம் சுளிக்கவில்லை. அந்தக் குரலுக்குரிய மூத்த செவிலியர் எங்களை அழைத்துக் குழாயடியில் நிறுத்தி, விரல் நுனி முதல் முழங்கை வரை ஒவ்வொரு பக்கமாகத் தேய்க்கக் கற்பித்தார். கழுவிய கை எவருடையதாயினும் தொடலாம். கழுவாத கை எவருடையதாயினும் தொடலாகாது. 1927-இல் மகாட் நகரின் சவுதார் குளத்து நீரைக் கையால் அள்ளுவதற்கே அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரை அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது; அதன்பின் அக்குளத்திற்குத் தூய்மைச் சடங்கும் செய்தார்கள். தூய்மை என்ற சொல்லுக்கு இவ்வுலகில் இரண்டு பொருள் இருப்பதை நாங்கள் அக்குழாயடியில் கண்டோம். ஒன்று பிறப்பைப் பார்க்கிறது. மற்றொன்று நகக்கண்ணைப் பார்க்கிறது. அரங்கின் கதவுக்கு வெளியே முதற்பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது என்பதையும் நாங்கள் மறைக்கவில்லை. தேநீர் அருந்தும் அறையில் அதைக் கண்டிருக்கிறோம்.

கரத்திற்கு வருவோம். விலக்கியின் கரம் பாம்பைப் போன்றது. உலோக மணிகள் பல வரிசையாகக் கோக்கப்பட்டு, அவற்றின் நடுவே ஒரு கம்பிவடம் ஓடுகிறது. கைப்பிடியைத் திருகினால் வடம் இழுபட்டு மணிகள் ஒன்றோடொன்று இறுகி, வளைந்த நிலையிலேயே கரம் விறைத்து நிற்கும். தளர்த்தினால் மீண்டும் பாம்பாகும். இதில் அறியவேண்டிய நுட்பங்கள் சில உண்டு. கரத்தை உயரமாக வளைத்து விட்டால் மருத்துவரின் கைக்கும் உருப்பெருக்கிக்கும் இடையூறு. ஆகவே விரிப்போடு ஒட்டித் தாழ்வாக, பெரிய சுருளின்றிச் செலுத்த வேண்டும். கரம் இறுகும் தருணத்தில் அதன் நுனி சற்றே துள்ளும். எவ்வளவு நல்ல கருவியானாலும் துள்ளும். ஆதலால் தகட்டை ஒரு கையால் பற்றிக்கொண்டே மறுகையால் இறுக்க வேண்டும். மூளையின்மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துத் திருகுவது பெருந்தவறு. இறுக்கிய பின் தகட்டை விரலால் மெல்ல அழுத்திச் சோதிக்க வேண்டும். அது தாழ்ந்தால் அக்கரம் அன்றைய வேலைக்கு உதவாது.

தகடு வளையக்கூடியது. மருத்துவர் தம் விருப்பம்போல் அதை வளைத்துக்கொள்வார். அகலமான தகடு பாரத்தைப் பரப்புகிறது. குறுகிய தகட்டின் ஓரம் கத்திபோல் பதிகிறது. நுனி ஆழத்தில் குத்தாமல், உடற்பகுதி முழுவதும் படிந்து தாங்க வேண்டும். பலமுறை வளைத்து நிமிர்த்திய தகட்டில் மயிரிழைபோல் வெடிப்பு தோன்றும். அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாலன்றித் தெரியாது. தகட்டுக்கும் மூளைக்கும் நடுவே உப்புநீரில் நனைத்த பஞ்சுப் பட்டை ஒன்று இருக்க வேண்டும். அது காயக்கூடாது, காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது கிழிக்கும். இடையிடையே தகட்டைத் தளர்த்தி மூளைக்கு மூச்சுவிட நேரம் தரவேண்டும். உருப்பெருக்கியில் ஆழ்ந்துள்ள மருத்துவருக்கு நேரம் போவது தெரியாது. நேரத்தைச் சொல்ல வேண்டியவர்கள் சுற்றி நிற்பவர்கள்.

சொல்ல வேண்டியவர்கள் என்றோம். இப்போது அதைக் கூற வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், நாங்கள் பணிபுரிந்த ஒரு மருத்துவமனையில், கழுவும் பகுதியிலிருந்த எங்கள் தோழர் ஒரு கரத்தைத் துடைக்கும்போது அதில் ஒரு குறையைக் கண்டார். கைப்பிடியைக் கடைசிவரை திருகியும் மணிகளுக்கிடையே நகம் நுழையும் அளவுக்குத் தளர்வு இருந்தது. வடம் நைந்து நீண்டுவிட்டது என்பது அவருக்கு விளங்கிற்று. அவர் எங்கள் இருவரிடமும் சொன்னார். நாங்களும் திருகிப் பார்த்தோம். மூவருக்கும் தெரிந்தது. ஆனால் அதற்கு முந்திய வாரத்தில், கத்தரிக்கோல் ஒன்று மழுங்கியிருப்பதாக எங்களில் ஒருவர் சொன்னதற்கு, மேலதிகாரி ஒருவர், "கழுவ வந்தவன் கழுவு, கருவியைப் பற்றி நீ எனக்குச் சொல்லாதே" என்று பலர் முன்னிலையில் கூறியிருந்தார். அந்தச் சொல் நெஞ்சில் இருந்தது. மாற்றுக் கரம் வேறு இல்லை. "நமக்கேன்?" என்று கரத்தைத் தட்டில் வைத்தோம்.

அன்று நாற்பது வயதுக்குட்பட்ட ஒரு தாய்க்கு இடப்பக்க அறுவை. தகடு நெற்றி மடலைத் தாங்கி நின்றது. முதல் அரைமணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு கரம் சிறிது சிறிதாகத் தாழ்ந்தது. ஒரு நெல் அகலம். பிறகு இன்னொரு நெல் அகலம். கண்ணால் காணக்கூடிய வேகத்தில் அன்று. கடிகாரத்தின் மணி முள்ளைப்போல். எங்களில் இருவர் அரங்கில் நின்றிருந்தோம். எங்கள் கண் கரத்தை விட்டு அகலவில்லை. வாய் மட்டும் திறக்கவில்லை. தகட்டின் ஓரத்தில் மூளை வெளுத்திருப்பதை மருத்துவர் கண்டு, உடனே தகட்டை எடுத்து, கரத்தைக் கழற்றித் தரையில் போடச் சொன்னார். எஞ்சிய அறுவையைத் தகடின்றியே, உறிஞ்சு குழலாலும் பஞ்சாலும் மடலைத் தாங்கியவாறு முடித்தார்.

அந்தத் தாய் பிழைத்தார். ஆனால் கண் விழித்தபின் பேச்சு தடைப்பட்டது. தம் பிள்ளையின் பெயரைச் சொல்ல வாயெடுத்து, வராமல், கையால் உயரத்தைக் காட்டினார். மூன்று வாரங்கள் அவ்வாறு இருந்து, பிறகு மெல்ல மெல்லப் பேச்சு திரும்பிற்று. நோயினால் வந்ததா, கரத்தினால் வந்ததா என்று எவராலும் அறுதியிட்டுக் கூற இயலவில்லை. எங்கள் மனச்சான்றுக்கு அந்த ஐயத்தின் பயனை நாங்கள் கொடுக்கவில்லை.

மருத்துவர் அன்று மாலை கரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கழுவும் பகுதிக்கே வந்தார். "இது தளர்ந்திருந்தது யாருக்காவது முன்பே தெரியுமா?" என்றார். நெடுநேரம் அமைதி. எங்கள் தோழர், "தெரியும் ஐயா" என்றார். "தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?" கத்தரிக்கோல் கதையை அவர் சொன்னார். மருத்துவர் கோபிப்பார் என எதிர்பார்த்தோம். அவர் அங்கிருந்த முக்காலியில் அமர்ந்துவிட்டார். பிறகு, "அவர் சொன்னது தவறு. நீங்கள் சொல்லாததும் தவறு. இரண்டுக்கும் விலை கொடுத்தவர் அந்த அம்மாள்" என்றார். அவர் சொன்னதை நாங்கள் பலமுறை எங்களுக்குள் வாதிட்டிருக்கிறோம். இழிசொல் கேட்டவனையும் சொன்னவனையும் ஒரே தராசில் நிறுத்தலாமா என்று எங்களில் ஒருவர் இன்றும் கேட்கிறார். நிறுத்தலாகாது என்பதே எங்கள் மூவரின் கருத்தும். எனினும் தாழ்ந்துகொண்டிருந்த கரத்தைப் பார்த்துக்கொண்டே நின்ற அந்த நேரத்தை எவர் தலையிலும் சுமத்திவிட்டு நாங்கள் நீங்க முடியவில்லை.

அதன்பின் கழுவும் பகுதியில் ஒரு பெரிய கோடு போட்ட நோட்டுப் புத்தகம் வைக்கப்பட்டது. கருவியில் குறை காண்பவர், கடைநிலை ஊழியராயினும், அதில் எழுதலாம். எழுதப்பட்ட கருவி பழுது பார்க்கப்பட்டு ஒரு மருத்துவர் கையொப்பமிடும் வரை தட்டில் ஏறாது. முதல் பக்கத்தின் முதல் வரி எங்கள் தோழரின் கையெழுத்து. மாலை வகுப்பில் எழுத்து வடிவம் நன்றாயில்லை என்று அடிக்கடி குட்டு வாங்கியவர் அவர். அவருக்குக் குட்டு வைத்த ஆசிரியர் முன்வரிசையில் இருக்கிறார். அக்கரங்களை இப்போது கழுவும்போது வடத்தைத் தளர்த்தியே கழுவுகிறோம்; மணிகளுக்கிடையே ரத்தம் தங்காது; நீராவியும் உட்புகும். அடுக்கி வைக்கும்போதும் தளர்த்தியே வைக்கிறோம், வடம் நீளாது. ஒவ்வோர் அறுவைக்கு முன்பும் இறுக்கி, விரலால் அழுத்திச் சோதிக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாங்கள் இவ்வளவு பாடுபட்டுக் கற்ற இக்கருவியின் தேவை குறைந்து வருகிறது. அமெரிக்காவின் ஸ்பெட்ஸ்லரும் சானாயும் 2012-இல், நிலையான விலக்கி இல்லாமலே கடினமான அறுவைகளையும் செய்யலாம் என்று தங்கள் அனுபவத்தை வெளியிட்டனர். தலையின் நிலையையும் எலும்பைத் திறக்கும் அளவையும் திட்டமிட்டு, மூளை தன் பாரத்தாலேயே விலகுமாறு செய்து, கையிலுள்ள உறிஞ்சு குழலையே தேவையான கணத்துக்கு மட்டும் தாங்கியாகப் பயன்படுத்துகின்றனர். அன்று எங்கள் மருத்துவர் நெருக்கடியில் செய்ததையே அவர்கள் முறையாகச் செய்கின்றனர். ஆழத்திலுள்ள கட்டிகளுக்குக் குழாய் வடிவ விலக்கியும் வந்துள்ளது. அதன் சுவர் சுற்றிலும் சமமாகத் தாங்குவதால் ஓரம் பதிவதில்லை. ஆயினும் எங்கள் அரங்கில் கரங்கள் தட்டில் காத்திருக்கின்றன. நூற்றில் ஒரு நாள் கேட்கப்படும்போது அவை இறுகி நிற்க வேண்டும். பயன்படாத கருவியே எளிதில் பழுதாகிறது. அதைத்தான் யாரும் சோதிப்பதில்லை.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. மருத்துவத் துறை என்றால் மருத்துவர் மட்டுமே என்று நம் பெற்றோர் எண்ணுகின்றனர். அவ்விடம் கிடைக்காதபோது பிள்ளை வீட்டில் அமர்ந்துவிடுகிறான். அறுவை அரங்கு தொழில்நுட்பத்தில் இளங்கலைப் படிப்பு உண்டு. சான்றிதழ் படிப்புகளும் உண்டு. மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்தவர்கள் விண்ணப்பிக்கலாம். இத்தகைய துணை மருத்துவத் தொழில்களுக்கென 2021-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியுள்ளது. தாழ்த்தப்பட்ட மாணவர்க்குரிய கல்வி உதவித்தொகை இப்படிப்புக்கும் பொருந்துமா என்பதைச் சேரும் கல்லூரியிலும் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்திலும் முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியை நம்ப வேண்டாம். விண்ணப்பம் நிரப்புவதில் ஐயமிருந்தால் ஞாயிறு மாலைகளில் எங்கள் மூவரில் ஒருவராவது சங்கக் கட்டடத்தில் இருப்போம்.

கடைசியாக ஒன்று. பழுதென்று எழுதி ஒதுக்கப்பட்ட கரம் ஒன்றை உரிய அனுமதி பெற்று இங்குக் கொண்டுவந்துள்ளோம். கிருமி நீக்கப்பட்டது, அச்சமின்றித் தொடலாம். மேடைக்கு வலப்புறம் உள்ள மேசையில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தயிர் வைத்திருக்கிறோம். கைப்பிடியைத் திருகிக் கரத்தை இறுக்கி, தகட்டைத் தயிரின்மேல் பட்டும் படாமலும் நிறுத்திப் பாருங்கள். கால் மணி நேரம் கழித்து வந்து, அது எங்கே இருக்கிறது என்று மீண்டும் பாருங்கள். கூட்டம் முடியும் வரை மேசை அங்கேயே இருக்கும்.